பீவர் அணைகள் நிறைந்த ஆற்றில் கேனோப் பயணம்: வேலூர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது கனடாவில் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். கோடையில் பெற்றோர் போய் நயாகராவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். சிலருக்கு அது போதவில்லை. காட்டுக்குள் ஓடும் ஆற்றில் படகு வலித்து, கரையில் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும் என்கிறார்கள். நல்ல ஆசைதான். அப்படிக் கிளம்புகிறவர்களும் அவர்கள் பிள்ளைகளும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். எடுத்துக்கொண்ட இடம் ஒன்டாரியோ மாகாணத்தின் அல்கொன்குவின் பூங்கா. வேறு பூங்காவுக்குப் போனால் அனுமதி விதிகள் மாறும். ஆற்றின் குறுக்கே குச்சியும் சேறும் வைத்து அணை கட்டும் பீவர் என்ற விலங்கின் குணம் மாறாது.

ஏன் அல்கொன்குவின்?

டொரண்டோவிலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். 1893இல் உருவானது, பரப்பு 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். உள்ளே ஆயிரக்கணக்கான ஏரிகள், அவற்றை இணைக்கும் ஆறுகள். ஓர் ஏரியிலிருந்து இன்னொன்றுக்கு நீர்வழி இல்லாத இடத்தில் படகைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடக்கப் பாதை வெட்டி, மஞ்சள் பலகை நட்டிருக்கிறார்கள். அந்தப் பாதைக்கு போர்ட்டேஜ் என்று பெயர்.

பீவர் அணைகளைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் பெரிய ஏரிகளை விட்டுவிட்டுச் சிறிய, வளைந்து வளைந்து போகும் ஆறுகளைத் தேடுங்கள். பூங்காவின் மேற்கே டிம் ஆறு, வடக்கே சீடர் ஏரியில் கலக்கும் நிப்பிசிங் ஆற்றின் மேல்பகுதி இரண்டும் இதற்குப் பேர்போனவை. முதல் முறை போகிறவர்களுக்கு டிம் ஆறு போதும். நிப்பிசிங்கின் மேல்பகுதி, இப்படிப் பல தடவை போய்ப் பழகியவர்களுக்கு உரியது.

கேனோ என்றால் ஒகேனக்கல் பரிசல் மாதிரியா?

இல்லை. பரிசல் வட்டம், துடுப்பைத் தவறாகப் போட்டால் சுற்றும், ஆனால் எளிதில் கவிழாது. கேனோ நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். நேராகப் போகும், எழுந்து நின்றால் கவிழும். வழக்கமாக இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு துடுப்போடு, போகிற திசையைப் பார்த்தபடி வலிக்க வேண்டும். முன்னால் இருப்பவர் வேகம் கொடுப்பார், பின்னால் இருப்பவர் திசை திருப்புவார். கணவனும் மனைவியும் ஒரே படகில் ஏறுவதற்கு முன் யார் பின்னால் என்பதைக் கரையிலேயே பேசி முடித்துவிடுங்கள். நடு ஆற்றில் அந்தப் பேச்சு நல்லபடியாக முடிந்து நான் பார்த்ததில்லை.

பீவர் ஏன் அணை கட்டுகிறது?

மீன் பிடிக்க என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். மீன் தின்பது நீர்நாய். பீவர் கொறிக்கும் விலங்கு. மரப்பட்டை, இளங்கிளை, அல்லி வேர்தான் அதற்கு உணவு. வளர்ந்தது 11 முதல் 32 கிலோ வரை இருக்கும். முன்பற்களின் வெளிப்பூச்சில் இரும்புச் சத்து இருப்பதால் அவை ஆரஞ்சு நிறத்தில் தெரியும். தேயத் தேய வளரும்.

தரையில் அது மெதுவாக நடக்கும். ஓநாய்க்கும் கரடிக்கும் எளிதாக மாட்டும். தண்ணீரில் அதைப் பிடிக்க முடியாது. அதனால் ஓடையைக் குச்சி, சேறு, கல் வைத்து அடைத்து, ஆழமான குட்டையை உண்டாக்கி, அதன் நடுவே வீடு கட்டுகிறது. வீட்டுக்குள் போகும் வழி தண்ணீருக்கு அடியில். குளிர்காலத்தில் மேலே பனிக்கட்டி மூடினாலும் கீழே தண்ணீர் இருந்தால்தான், வீட்டருகே முன்பே அமிழ்த்தி வைத்த கிளைகளை எடுத்துத் தின்ன முடியும். அணை இல்லையென்றால் குட்டை வற்றும், வீட்டின் வாசல் வெளியே தெரியும், குடும்பமே அழியும்.

ஐரோப்பாவில் தொப்பி செய்ய இதன் மென்மயிரைத் தேடி ஓடியதில்தான் கனடாவின் பழைய வியாபாரமே வளர்ந்தது. ஹட்சன்ஸ் பே கம்பெனி 1670இல் தொடங்கியது அதற்காகத்தான். ஒரு காலத்தில் வேட்டையாடியே அருக வைத்தார்கள். 1975இல் அதையே நாட்டின் சின்னமாக்கினார்கள். ஐந்து சென்ட் நாணயத்தில் இருப்பதும் இந்தப் பிராணிதான்.

அணை குறுக்கே வந்தால் படகு எப்படிக் கடக்கும்?

இந்தப் பயணத்தில் கற்றுக்கொள்ள வேண்டிய முக்கிய வேலை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆற்றின் போக்கில் போகும்போது அணை முன்கூட்டியே கண்ணில் படாது. மேல்பக்கம் தண்ணீர் அணையின் உச்சிவரை நிறைந்திருக்கும். ஆறு ஒரு கோடு போட்டதுபோல் முடிந்து, அந்தக் கோட்டுக்கு அப்பால் மரங்களின் கீழ்ப்பாதி காணாமல் போயிருக்கும். மெல்லிய நீரொலி கேட்கும். அங்கே வேகத்தைக் குறையுங்கள். எதிர்த்துப் போகும்போது குச்சிச் சுவர் நேராகவே தெரியும்.

அணை முழுதும் ஒரே உயரத்தில் இருக்காது. தண்ணீர் வழிகிற தாழ்ந்த இடம் ஒன்று இருக்கும். முன்னால் போனவர்கள் படகை இழுத்ததில் குச்சிகள் வழவழப்பாகியிருக்கும். அங்கே படகின் மூக்கை நேராகக் கொண்டுபோய் நிறுத்துங்கள். முன்னால் இருப்பவர் முதலில் இறங்க வேண்டும், அதுவும் அணையின் மேல், தண்ணீருக்குள் அல்ல. அணையை ஒட்டிய மேல்பக்கம் ஆழமாக இருக்கும். சேற்றுக்காக பீவர் அங்கேதான் தோண்டுகிறது. முழங்கால் அளவு என்று நம்பி வைத்த கால் இடுப்புவரை போகும். கீழ்ப்பக்கம் வேறு மாதிரி ஆபத்து: அங்கே குச்சிகள் இறுகியிருக்காது, கால் உள்ளே போனால் கணுக்கால் மாட்டிக்கொள்ளும். துடுப்பால் குத்திப் பார்த்து, தடித்த கட்டைகள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் மட்டும் பாதம் வையுங்கள்.

இறங்கியவர் படகின் மூக்கில் கட்டிய கயிற்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இருப்பவர் குனிந்தபடி முன்னால் வந்து இறங்குவார். பிறகு இருவரும் பக்கத்துக்கு ஒருவராக நின்று படகைத் தூக்கித் தூக்கி மேலே நகர்த்த வேண்டும். அணை உயரமாக இருந்தால் மூட்டைகளை முதலில் எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிடுங்கள். படகின் நடுப்பகுதி அணை மேல் தொங்கும்போது உள்ளே யாரும் உட்காரக் கூடாது. படகின் முதுகு முறிவது அப்போதுதான்.

அரையடி உயரமுள்ள அணையில் நன்றாகத் தண்ணீர் வழிந்தால், போக்கிலே போகிறவர்கள் வேகமெடுத்துச் சறுக்கியே தாண்டலாம். அது வேடிக்கையாக இருக்கும். அடுத்த அணையிலும் அதையே செய்யத் தோன்றும். அடுத்தது இரண்டு அடி இருக்கலாம்; இறங்கிப் பாருங்கள்.

கொஞ்சம் குச்சிகளைப் பிடுங்கி வழி செய்துகொண்டால் என்ன?

கூடாது. ஒன்டாரியோவின் வனவிலங்குச் சட்டம் பீவர் அணையைச் சேதப்படுத்துவதைத் தடை செய்கிறது. வெள்ளத்திலிருந்து தன் சொத்தைக் காப்பது போன்ற சில விதிவிலக்குகள் நில உரிமையாளர்களுக்கானவை, படகில் வருகிறவர்களுக்கு இல்லை. சட்டத்தை விடுங்கள், நீங்கள் பிரித்தால் மேலே உள்ள குட்டை இறங்கும், உங்களுக்குப் பின்னால் வருகிறவர் சேற்றில் படகை இழுப்பார். பீவருக்குத் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் போதும், இரவோடு இரவாக வந்து அடைக்கும். உங்கள் உழைப்பும் வீண்.

இன்னொன்றும் உண்டு. கோடையின் கடைசியில் பல சிற்றாறுகளில் படகு மிதக்கிற அளவுக்குத் தண்ணீர் நிற்பதே அணைகளால்தான். கீழணையின் நீர் மேலணையின் அடிவரை தேங்கியிருந்தால் சுகமாக வலித்துப் போகலாம். எங்கே அணை உடைந்து கிடக்கிறதோ அங்கே கல்லும் சேறும்தான். இறங்கிக் கயிறு பிடித்து இழுக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வைத்துக்கொள்ளலாம்?

கிலோமீட்டரில் யோசிப்பதை நிறுத்துங்கள். பெங்களூரு நெடுஞ்சாலையில் பழகிய மனம், 15 கிலோமீட்டர்தானே, மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்று சொல்லும். காற்றில்லாத ஏரியில் அது சரி. பழகிய இருவர் மணிக்கு 4, 5 கிலோமீட்டர் போவார்கள். வளைவுகள் நிறைந்த ஆற்றில் அது 2, 3 ஆகும். இதில் அணைகள் வேறு.

உதாரணத்துக்கு 12 கிலோமீட்டர் ஆற்று வழியை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 3 என்றால் 4 மணி நேரம். வழியில் 15 அணைகள். இறங்கி, இழுத்து, மறுபடி ஏறி உட்கார ஒவ்வொன்றுக்கும் 8 நிமிடம் என்றால் இன்னும் 2 மணி நேரம். ஒரு போர்ட்டேஜ் பாதை 800 மீட்டர். படகையும் மூட்டையையும் ஒரே நடையில் கொண்டுபோக முடியாதவர்கள் போய், திரும்பி வந்து, மீண்டும் போக வேண்டும். 800 மீட்டர் 2,400 மீட்டர் ஆகிறது. அதற்கு ஒரு மணி நேரம். சாப்பாடு, ஓய்வு, வழி தவறி வேறு கால்வாய்க்குள் நுழைந்து திரும்புவது எல்லாம் சேர்த்தால் காலை 8 மணிக்குக் கிளம்பியவர் மாலை 4, 5 மணிக்குத்தான் கூடாரம் அடிப்பார். முழு நாளும் போயிற்று. நிலப்படத்தில் அது ஒரு விரல்கூட இல்லை.

அணைகளின் எண்ணிக்கையை முன்கூட்டி உறுதியாகத் தெரிந்துகொள்ளவும் முடியாது. போன வருடம் இருந்தது இந்த வருடம் அடித்துக்கொண்டு போயிருக்கும். புதிதாக மூன்று முளைத்திருக்கும். இரண்டு வயதான குட்டிகள் வீட்டை விட்டுக் கிளம்பி வேறு இடத்தில் குடியேறும் பழக்கமுள்ள பிராணி அது. செயற்கைக்கோள் படத்தில் ஆறு திடீரென்று அகலமாகிற இடங்களைக் குறித்துக்கொண்டால் ஓரளவு பிடிபடும். என் யோசனை: கணக்குப் போட்ட நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள், முதல் பயணத்தில் இரண்டு இரவுகளுக்கு மேல் வேண்டாம்.

நேரம் தவறினால் என்ன, வழியில் எங்காவது தங்கிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். அல்கொன்குவினில் எந்த இரவு எந்த ஏரியில் அல்லது ஆற்றுப் பகுதியில் தங்குகிறீர்கள் என்று முன்பதிவு செய்கிறீர்கள். அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஆரஞ்சு நிறப் பலகை உள்ள இடத்தில்தான் கூடாரம் அடிக்கலாம்.

அனுமதிக்கு எப்போது பதிவு செய்வது?

ஐந்து மாதங்களுக்கு முன்பே ஒன்டாரியோ பூங்காக்களின் இணையதளத்தில் பதிவு தொடங்கும். ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிகள் சீக்கிரம் தீரும். ஓரிடத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்க முடியாது. கல்யாணத்துக்குப் போகிற மாதிரி மொத்தக் குடும்பமும் கிளம்பினால் இரண்டு இடங்களாகப் பதிய வேண்டும். வாரநாளில் போங்கள்.

எந்த மாதம் நல்லது?

மே மாதம் தண்ணீர் நிறைய இருக்கும், ஆனால் பனி உருகிய நீர்; கை வைத்தால் விறைக்கும். மே நடுவிலிருந்து ஜூன் கடைசிவரை கருப்பு ஈக்கள் காதோரம் கடித்து ரத்தம் எடுக்கும், கூடவே கொசு. பாலாற்றங்கரைக் கொசுவைப் பார்த்தவர்கள் நாங்கள் என்று வீரம் பேசாமல் தலைக்கு வலைத்தொப்பி வாங்குங்கள். ஜூலையும் ஆகஸ்ட்டும் வெயில் இதம், தண்ணீர் குறைவு. எனக்குப் பிடித்தது செப்டம்பரின் முதல் பாதி: ஈ இல்லை, கூட்டம் இல்லை. இரவில் நம் ஏலகிரி மார்கழியைவிட அதிகமாகக் குளிரும், அதற்கேற்ற தூக்கப்பை வேண்டும். அந்த மாதக் கடைசியில் இலைகள் சிவக்கத் தொடங்கும். அதைப் பார்க்கக் கூட்டமும் திரும்பும்.

எந்தப் படகை வாடகைக்கு எடுப்பது?

கெவ்லார் என்ற எடை குறைந்த, வலுவான செயற்கை இழையில் செய்த படகு 18, 20 கிலோதான். போர்ட்டேஜில் தோளுக்கு நிம்மதி. ஆனால் பீவர் கடித்த குச்சிகளின் முனை உளிபோல் இருக்கும்; அதன்மேல் தரதரவென்று இழுத்தால் அடிப்பகுதி கீறும், வாடகைக் கடைக்காரர் காசு கேட்பார். பிளாஸ்டிக் வகைப் படகு எதையும் தாங்கும். எடையோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. அணை அதிகம், நடை குறைவு என்றால் பிளாஸ்டிக். நடை அதிகம் என்றால் கெவ்லார் எடுத்து, அணையில் இழுக்காமல் தூக்குங்கள். எந்த ஆற்றுக்குப் போகிறீர்கள் என்று கடையில் சொல்லிவிட்டு எடுப்பது நல்லது.

நீச்சல் தெரியாதே?

தெரிந்துகொண்டு போங்கள். தெரிந்தாலும் உயிர்காப்புச் சட்டையைக் கழற்றாதீர்கள். படகில் ஆளுக்கொன்று இருக்க வேண்டும் என்பது கனடாவின் சட்டம். 15 மீட்டர் மிதக்கும் கயிறு, தண்ணீர் இறைக்கும் குவளை, விசில் ஆகியவையும் கட்டாயம். ஆனால் சட்டையைப் படகில் வைத்திருப்பதற்கும் உடம்பில் போட்டிருப்பதற்கும் உள்ள வித்தியாசம் உயிர்.

காரணம் குளிர். வேலூரில் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவருக்குத் தண்ணீர் என்றால் வெயிலுக்கு இதம். 10 டிகிரி தண்ணீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் இராது; அப்போது வாயில் தண்ணீர் போனால் நீச்சல்காரரும் முழுகுவார். அடுத்த பத்து நிமிடம் வரைதான் கைகால் சொன்னபடி கேட்கும். அதற்குள் படகையோ கரையையோ பிடிக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நினைவு தப்பும். இதனால்தான் பருத்தித் துணி வேண்டாம் என்கிறார்கள்: நனைந்தால் காயாது, சூட்டையும் பிடித்து வைக்காது. சேலை, வேட்டி, ஜீன்ஸ் மூன்றையும் டொரண்டோவிலேயே விட்டுவிட்டு, கம்பளி அல்லது செயற்கை இழை உடை எடுங்கள். மாற்றுடை ஒரு செட் நீர்ப்புகாப் பையில் தனியாக இருக்கட்டும்.

வேலூரில் இருந்தபடியே என்ன பயிற்சி செய்யலாம்?

சோளிங்கர் பெரிய மலைக்கு 1,305 படிகள். ரோப் கார் வந்துவிட்டது, அதைப் பார்க்காதீர்கள். முதுகில் 10 கிலோ அரிசிப் பையோடு ஏறி இறங்குங்கள். போர்ட்டேஜுக்கு இதைவிட நல்ல பயிற்சி வேண்டியதில்லை, புண்ணியம் தனி. ஏலகிரி புங்கனூர் ஏரியில் துடுப்புப் படகு கிடைத்தால் எடுத்து, தோள்பட்டை வலி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கேனோ வலிக்கும் முறை வேறு. அதை அங்கே போய்க் கரையோரத்தில் ஒரு நாள் கற்றுக்கொள்ள வேண்டும். கல்குவாரிக் குட்டையில் நீச்சல் பழகும் யோசனை யாருக்காவது இருந்தால் அதை விட்டுவிடவும்.

மூட்டு வலி உள்ளவர்கள்?

ஆற்றில் வேண்டாம். பூங்காவின் ஊடே போகும் 60ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிய ஏரிகளில் பகலில் மட்டும் படகு எடுத்து, மாலையில் கரையேறிவிடலாம். பீவர் அங்கேயும் உண்டு.

சாப்பாடு?

உள்காட்டுக்குள் தகர டப்பா, கண்ணாடி பாட்டில் இரண்டுக்கும் தடை. ஊறுகாயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நம் சமையல் இந்தப் பயணத்துக்காகவே பிறந்தது: அவல், வறுத்த ரவை, அரிசி நொய், கேழ்வரகு மாவு, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், கத்திரிக்காய் வத்தல். எடை இல்லை, கெடாது, வெந்நீர் இருந்தால் வேலை முடிந்தது. வெள்ளைக்காரர்கள் கடையில் காசு கொடுத்து வாங்கும் உலர் உணவுப் பொட்டலங்களுக்கு முன்னால் நம் புளி அவல் தலை நிமிர்ந்து நிற்கும்.

கருவாடு மட்டும் வேண்டாம். சுவைக்காகச் சொல்லவில்லை, கரடிக்காகச் சொல்கிறேன். சாப்பாடு, பற்பசை, சோப்பு என்று மணக்கிற எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி, கூடாரத்திலிருந்து தள்ளி, தரைக்கு 4 மீட்டர் உயரத்திலும் அடிமரத்திலிருந்து 2 மீட்டர் விலகியும் தொங்கவிட வேண்டும். இருட்டுவதற்கு முன் செய்யுங்கள். கயிற்றைக் கிளையில் எறிவது பார்க்கிற அளவுக்குச் சுலபம் இல்லை.

இந்தியாவிலிருந்து உணவு கொண்டுபோனால் விமான நிலையச் சுங்கத்தில் அனைத்தையும் அறிவித்துவிடுங்கள்.

ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா?

தெளிவாகத்தான் இருக்கும், அப்படியே குடிக்காதீர்கள். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். அதனால் வரும் வயிற்றுப்போக்குக்கு அங்கே பீவர் காய்ச்சல் என்றே பட்டப்பெயர். நன்றாகக் கொதித்த பின் ஒரு நிமிடம் விடுங்கள், அல்லது வடிகட்டி எடுத்துப்போங்கள். குட்டையில் தேங்கிய நீரைவிட ஓடும் நீரில் பிடித்தால் வடிகட்டி அடைக்காது.

பாம்பு?

நம்மவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஒன்டாரியோவின் ஒரே நச்சுப்பாம்பு மசசாகா விரியன்; அது ஜார்ஜியன் விரிகுடாப் பக்கம். அல்கொன்குவினில் கவலை வேண்டாம். உண்ணி உண்டு, மாலையில் உடம்பைச் சோதியுங்கள். மூஸ் என்ற பெரிய மான் எதிரே வந்தால் படகை நிறுத்தி வழிவிடுங்கள், படம் எடுக்க நெருங்காதீர்கள்.

கழிப்பறை? செல்போன்?

ஒவ்வொரு தங்குமிடத்துக்கும் பின்னால் காட்டுக்குள் மூடியோடு ஒரு மரப்பெட்டி இருக்கும். சுவரும் கிடையாது, கூரையும் கிடையாது. செல்போன் சிக்னலும் கிடையாது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை வாடகைக்கு எடுக்கலாம். எந்த வழி, எந்த இரவு எங்கே, எப்போது திரும்புவோம், எத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதி டொரண்டோவில் ஒருவரிடம் கொடுங்கள். காட்பாடியில் இருக்கும் பாட்டியிடம் கொடுத்தால் முதல் நாள் இரவே போலீசுக்குப் போய்விடும்.

பாலாற்றில் இப்படி ஒரு பயணம் முடியாதா? பீவரைக் கொண்டுவந்து விட்டால்?

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணல். தண்ணீர் வரும் நாட்களில், 2021 நவம்பரில் பார்த்தோமே, அது படகுக்கான தண்ணீர் அல்ல. பீவரைக் கொண்டுவரும் பேச்சை வேடிக்கைக்குக்கூட வளர்க்க வேண்டாம். 1946இல் அர்ஜென்டினாவின் தென்கோடித் தீவில் மென்மயிர் வியாபாரத்துக்காக விட்டார்கள்; அதை வேட்டையாடும் விலங்கு அங்கே இல்லாததால் பெருகி, காடுகளையே அழித்தது. நீரை நிறுத்தி நிலத்தடிக்கு அனுப்பும் வேலைக்கு நம் மாவட்டத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். நாகநதிப் பக்கம் கிராமத்துப் பெண்கள் நூறு நாள் வேலைத் திட்டத்தில் செறிவூட்டும் கிணறுகளும் தடுப்பணைகளும் கட்டியிருக்கிறார்கள்.

விசாவும் காப்பீடும்?

சுற்றுலா விசாவே போதும், படகுக்குத் தனி அனுமதி விசா எதுவும் இல்லை. பெற்றோருக்கான சூப்பர் விசா என்றால் குறைந்தது 1,00,000 கனடிய டாலருக்கு மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். சாதாரண விசாவில் அது கட்டாயமில்லை. ஆனால் மாகாணத்தின் இலவச மருத்துவம் விருந்தாளிகளுக்குக் கிடையாது என்பதால் எடுத்தே தீர வேண்டும். பாலிசியில் சாகச விளையாட்டுகளுக்குப் பொருந்தாது என்ற வரி இருக்கிறதா, அதில் படகுப் பயணம் அடங்குமா, காட்டிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கிவரும் செலவைத் தருவார்களா என்று முகவரிடம் வாயால் கேட்காமல் எழுத்தில் வாங்குங்கள். முன்பே உள்ள ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் காப்பீட்டுத் தொகை மறுக்கப்படலாம்.